சோலைமட்டத்திலிருந்து கடலூர் மைதானம் வரை

ஜனவரி 18, சனி

அபிதா போன் பண்ணினாள். அவங்க காலேஜ் ஃபைனலுக்கு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை கடலூரில் மேட்ச். தமிழ்நாட்டில் பெண்பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுகிற காலேஜ் எல்லாம் ஆடி, கடைசியில் மிச்சம் இரண்டு. அதில் ஒன்று என் பேத்தியுடையது. அவள்தான் லெஃப்ட் அவுட். இப்போதெல்லாம் அந்தப் பேர் இல்லையாம், விங் என்று சொல்ல வேண்டுமாம். நான் லெஃப்ட் அவுட் என்றுதான் எழுதுவேன்.

இந்த நோட்டு அவள் கொடுத்தது. அவங்க கோச் எல்லாப் பிள்ளைகளையும் தினம் எழுதச் சொல்கிறாராம். "நீயும் எழுது அப்பத்தா" என்று பொங்கலுக்கு ஒன்று வாங்கி வந்தாள். லீவுக்கு வந்தால் முதல் காரியமாக இதை எடுத்துப் படிப்பாள். அதனால் அவள் படிக்கக்கூடியதை மட்டும்தான் எழுதப் போகிறேன். நான் வால்பாறை மலையில் சோலைமட்டம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. இருந்திருந்தால் படித்திருப்பேன்.

ஆபீஸ் கடிதம் அவளுக்குத் தெரிந்த விஷயம், எழுதலாம். நான் ரிட்டயர் ஆகி மூன்று மாதம் ஆகிறது. 30-ஆம் தேதிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் வீட்டில் ஒருத்தர் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்க வர வேண்டும். என் மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரே அறையில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அவன் வரமாட்டான். மூத்தவள் அபிதா மூன்று வயதிலிருந்து என்னோடு வளர்ந்தவள். அவள்தான், "நான் பேர் பதியிறேன்" என்கிறாள். காலேஜில் இரண்டாம் வருஷம்.

"மேட்ச் முடியட்டும், பேசலாம்" என்றேன்.

"பேச ஒண்ணும் இல்ல. இருபத்தொம்பதாம் தேதி மலைக்கு வர்றேன். நீ வீட்டை விட்டு எங்கயும் போக வேண்டாம்" என்றாள்.

மேட்ச் பார்க்க நான் வரப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

குருவம்மா அக்காவிடமும் ஜெபக்கனியிடமும் சொன்னேன். மூன்று பேரும் முப்பத்தைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அவர்கள் எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆனார்கள். குருவக்கா மகள் பேர் பதிந்திருக்கிறாள், ஜெபக்கனி மகளும் பதிந்திருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

"கடலூரா? கடலுக்குப் பக்கத்துலயா?" என்றார் குருவக்கா. அவர் கடலைப் பார்த்ததில்லை.

"பேரே கடலூரு. மலைக்கு மேலயா இருக்கும்?" என்றாள் ஜெபக்கனி. "ஏட்டி, என் மருமகன் ஜீப்பு சும்மாதானே நிக்குது. அவனைக் கூப்பிடுதேன்."

மருமகன் எடிசன் தலையைச் சொறிந்தான். "அத்தை, நானூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்."

"நீ என்ன சுமந்துக்கிட்டா போகப் போற? ஜீப்புதானே போவுது."

ஒத்துக்கொண்டான்.

ஜனவரி 20, திங்கள்

நல்ல வெயில். துணி துவைத்தேன். பெட்டியில் இருந்ததையும் எடுத்துத் துவைத்தேன்.

ஜனவரி 22, புதன்

எங்கள் ஆட்டம் பார்க்கிற முறையை எழுதி வைக்கிறேன். அபிதாவுக்குத் தெரியும், நாளைக்கு அவளுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம்.

எங்கள் கிரவுண்டில் பனிப்புகையாக மஞ்சு இறங்கினால் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் ஆட்டமே நடக்காது. கோல்கீப்பர் கண்ணுக்கு அவன் கையே தெரியாது. அப்போது பெண்கள்தான் கண். கிரவுண்டைச் சுற்றிப் பிரிந்து நிற்போம், நிரை பிரித்துக்கொள்கிற மாதிரி. அவரவர் முன்னால் இருக்கிற இடம் அவரவர் பொறுப்பு. பந்து மேட்டுப் பக்கம் போனால் "மேக்கரை!" பள்ளத்துப் பக்கம் வந்தால் "கீக்கரை!" எதிராளி பின்னால் வந்தால் "முதுகு!" இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, சரியாகப் போய்ச் சேரும். அபிதா ஏழு வயதில் பையன்களோடு ஆடப் பழகியது இந்தச் சத்தத்தில்தான்.

அரிசி மூட்டை ஒன்று கட்டி வைத்தேன். வழிச் சாப்பாட்டுக்கு.

ஜனவரி 23, வியாழன்

காலையில் ஆபீஸில் ஒரு வேலை இருந்தது. எட்டு மணிக்குக் கணக்கெழுதுகிற ரைட்டர் வந்ததும் முடித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

நாற்பது கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டு யாருக்கு என்று சண்டை. வாந்தி எடுப்பவருக்கு என்று எடிசன் தீர்ப்புச் சொன்னான். உடனே மூன்று பேருக்கும் குமட்டியது. கடைசியில் குருவக்கா நிஜமாகவே எடுத்தார், அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகையைச் சத்தமாகப் படித்தேன். "வாத்திச்சி, போதும்" என்றாள் ஜெபக்கனி. ஒன்று வரை படித்தேன்.

பொள்ளாச்சியில் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். நார் மில் வைத்திருக்கிற ஒரு வீட்டம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் டீ குடித்தார்கள்.

"என்ன வேலைட்டி அங்க?"

"தேங்காய் நார் என்ன விலைன்னு விசாரிச்சேன்."

"உனக்கெதுக்கு நாரு? கயிறு திரிச்சு உன் பேத்தியக் கட்டிப்போடப் போறியா?"

எடிசன் அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.

தாராபுரம் தாண்டியதும் நிலம் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. இப்படி ஒரு ரோட்டில் டிரைவர் தூங்காமல் எப்படி ஓட்டுகிறான் என்று தெரியவில்லை. ஜெபக்கனி அதற்குப் பொறுப்பெடுத்துக்கொண்டாள். கரூர் வரை மருமகனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திருச்சியில் எடிசனின் சித்தி வீட்டில் படுக்கை. நல்ல மனுஷி. கொசுவலை கொடுத்தார்.

ஜனவரி 24, வெள்ளி

பெரம்பலூர் தாண்டி குருவக்கா பின் சீட்டுக்கு வந்தார். மூட்டையில் சாய்ந்தவர், "ஆத்தீ" என்று எழுந்தார்.

"இருளாயி, அரிசி மூட்டையில அம்மிக்குழவி எதுக்கு?"

ஜெபக்கனி மூட்டை வாயை அவிழ்த்தாள். குழவி, குலசாமி படம், இரண்டு சேலை, தூக்குவாளி, அபிதாவின் பத்தாவது சர்டிபிகேட், அவள் சின்னதில் போட்ட பூட்ஸ். அரிசி கொஞ்சம்தான் இருந்தது.

"வீட்டைக் குடுத்துட்டியா?" என்றாள்.

"நேத்துக் காலையில சாவியைக் குடுத்துட்டேன். கட்டில், பாத்திரமெல்லாம் பக்கத்து வீட்டு ஜார்க்கண்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சு. பொள்ளாச்சியில ரூம் பாத்திருக்கேன். மில்லுல நார் காயப்போடுற வேலை. உக்காந்து செய்யலாம்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டோம். எங்க வீட்டுல ஒரு மூலை இல்லையா உனக்கு?"

"அதுக்குத்தான் சொல்லல."

ஜெபக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடலூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எடிசன் வண்டியில் ஏதாவது கோளாறா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் எழுதிவிட்டேன். அபிதா படிக்கும்போது மேட்ச் முடிந்திருக்கும். நான் கணக்காகத்தான் யோசித்தேன். வீடு என் கையில் இருந்தால் அவள் பேர் பதிவாள். வீடே இல்லையென்றால் எதற்காகப் பதிவாள்? மேட்ச் முடிந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினேன். ஜெபக்கனி பைபிள் மேல் கை வைக்க மாட்டாள், சும்மா தலையை ஆட்டினாள்.

வடலூர் தருமசாலையில் மதியச் சாப்பாடு. யார் என்ன என்று கேட்காமல் போடுகிறார்கள். ஜெபக்கனி மூன்று தரம் ரசம் வாங்கினாள். அதன் பிறகுதான் வாய் திறந்தாள். "அந்த மில்லுக்காரி மூஞ்சி எப்படி? நல்லவளா?" என்று கேட்டாள்.

"நல்லவளாத்தான் தெரியுது."

"திரும்பிப் போறப்ப நான் வந்து பாக்கேன்."

ஜனவரி 25, சனி

மேட்ச் நாலு மணிக்கு. இரண்டு மணிக்கே போய்விட்டோம். கிரவுண்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடு பள்ளம் எதுவும் இல்லாத கிரவுண்டு. எது மேக்கரை? ஒரு பக்கம் கேலரி இருந்தது, உயரமாக இருப்பதால் அதுதான் மேக்கரை என்று ஜெபக்கனி முடிவு செய்தாள். இடம் பிரித்துக்கொண்டோம். கேலரி முன்னால் ஜெபக்கனி, எதிர்ப்பக்கம் வேலியோரம் நான், கோலுக்குப் பின்னால் குருவக்கா.

எதிர் டீம் கடலூர் காலேஜ். மீனவர் பிள்ளைகள் நிறையப் பேர், நல்ல கால். ஊரே அவர்களுக்குத்தான் கத்தியது.

அபிதா ஒன்பதாம் நம்பர் போட்டு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றுவிட்டாள், பக்கத்துப் பெண் முதுகில் தட்டின பிறகுதான் ஓடினாள்.

ஆட்டம் ஆரம்பித்ததும் பந்து கேலரிப் பக்கம் போனது. ஜெபக்கனி "மேக்கரை!" என்று விட்டாள் பாருங்கள், கேலரியில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பந்து என் பக்கம் வந்தது. "கீக்கரை! அபிதா, முதுகு! முதுகு!" சுற்றி இருந்த பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. பந்து போகிற இடத்தை யாராவது சொல்ல வேண்டாமா?

கொடி வைத்திருந்தவர் ஆட்டம் நின்ற நேரத்தில் என்னிடம் வந்தார்.

"அம்மா, நல்லா வெயில் அடிக்குது. பந்து எல்லார் கண்ணுக்கும் தெரியுது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஊசி விழுந்தால் தெரிகிற வெளிச்சம். அந்தக் கோடியில் குருவக்கா மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது. நாங்கள் மஞ்சுக்குள் கத்துகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தோம்.

"பழக்கம்" என்றேன்.

"கோச்சிங் மாதிரி இருக்குன்னு அந்த டீம் கம்ப்ளைண்ட் பண்றாங்கம்மா."

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எனக்குக் கோச்சிங்லாம் தெரியாதுங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். நாங்கள் வாயை மூடினோம். அது சுலபமில்லை.

அபிதா சரியாக ஆடவில்லை. நான் அவள் அப்பத்தா, ஆனாலும் உள்ளதை எழுதுகிறேன். பந்து காலுக்கு வந்தால் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாள். எங்கோ நினைப்பு. முப்பதாவது நிமிஷம் அவள் விட்ட பந்தில்தான் கடலூர்க்காரிகள் கோல் போட்டார்கள்.

இடைவேளையில் வேலிக்கு வந்தாள். தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள். "எதுக்கு வந்த?"

"உன் ஆட்டத்தைப் பாக்க."

"பாத்தல்ல. இதான் கடைசி. கோச்சுகிட்ட லெட்டர் குடுத்துட்டேன். புதன்கிழமை மேல வந்து பேர் பதியிறேன். இந்த மேட்ச்சை மட்டும் ஆடிட்டுப் போயிறலாம்னு இருந்தேன், அதுவும் நாசமாப் போச்சு."

மேட்ச் முடிந்த பிறகு சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவதை இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் பார்க்க என்னால் முடியாது.

"பதிய முடியாது. வீட்டுச் சாவியைக் குடுத்துட்டேன். ரைட்டர் கையெழுத்து வாங்கிட்டார். இந்நேரம் வேற ஆளுக்கு எழுதியிருப்பாங்க."

பாக்கெட் கையிலிருந்து நழுவித் தண்ணீர் எல்லாம் அவள் பூட்ஸில் கொட்டியது.

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"யாரைக் கேக்கணும்? கொழுந்தெடுத்தவ நான். வீடு எனக்குக் குடுத்தது. திருப்பிக் குடுத்ததும் நான்."

"அது என் வீடு இல்லையா?"

அவள் நனைந்த பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் அவள் படிப்பாள். படிக்கட்டும்.

விசில் அடித்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டாவது பாதியில் வேறு ஆள் மாதிரி இருந்தாள். கோபத்தில் ஓடினாள். ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டு மஞ்சள் கார்டு வாங்கினாள். ரெஃப்ரியிடமே முறைத்தாள். நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் ஊமை மாதிரி நின்றோம். குருவக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

எழுபது நிமிஷம் இருக்கும். பந்தைக் காலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு பேர் மேல் வந்து விழுகிற நேரத்தில், என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏன் சும்மா நிக்கிற? வாய் செத்துப்போச்சா?"

நான் யாரையும் கேட்கவில்லை. "முதுகு!" என்றேன். வலது பக்கம் வெட்டினாள், பின்னால் வந்தவள் முன்னால் போய் விழுந்தாள். "மேக்கரை! மேக்கரை காலி!" என்றாள் ஜெபக்கனி, அந்தக் கோடியிலிருந்து. அபிதா பார்க்கக்கூட இல்லை. தூக்கி அடித்தாள், கேலரிப் பக்கம் ஓடி வந்த பெண் காலுக்கு. அவள் கோலுக்கு முன்னால் போட்டாள். அதற்குள் அபிதா அங்கே இருந்தாள். எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரியாது. கோலுக்குப் பின்னால் நின்ற குருவக்காவுக்குத்தான் தெரியும், வலை குலுங்கி அவர் முகத்துக்கு நேராக வந்ததாம்.

இப்போது கேலரியில் இருந்த ஊர்க்காரப் பிள்ளைகளும் ஜெபக்கனியோடு சேர்ந்து "மேக்கரை, கீக்கரை" என்று கத்த ஆரம்பித்தார்கள். என்ன அர்த்தம் என்று தெரிந்து கத்தவில்லை. கொடிக்காரர் விட்டுவிட்டார்.

கடைசி நிமிஷத்தில் கடலூர்க்காரிகள் இன்னொன்று போட்டு ஜெயித்தார்கள். அது ஆஃப்சைடு. மூன்று பேரும் மூன்று கோணத்தில் பார்த்தோம். ரெஃப்ரி ஒரு கோணத்தில்தான் பார்த்தார்.

அபிதா டீமோடு தங்குகிற இடத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கடல் பார்க்கப் போனோம். குருவக்கா முழங்கால் வரை இறங்கினார். "இத்தனை தண்ணியை வச்சுக்கிட்டு ஒரு தேயிலைச் செடி இல்ல" என்றார்.

அபிதா அங்கே வந்தாள். அவங்க ஊருக்குத் திரும்புகிற பஸ் பதினோரு மணிக்குத்தானாம், எடிசனுக்குப் போன் பண்ணி இடம் கேட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு கவர்.

"கோச் இதைப் பிரிக்கவே இல்ல" என்றாள். "ஃபைனல் முடியிற வரைக்கும் எந்த லெட்டரையும் பிரிக்க மாட்டாராம். இன்னைக்குக் காலையில கூப்பிட்டு, பிரிக்கவா வேண்டாமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"திருப்பி வாங்கிட்டேன். வேற என்ன செய்ய? நீதான் எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்துட்டியே." பிறகு, "உன் மேல கோவம் போகல. சும்மா பேசுறேன்னு நினைச்சுக்காத" என்றாள்.

"சரி."

"ரூம்ல தண்ணி வருதா?"

"அடி பம்பு இருக்கு."

"ஃபேன்?"

"பொள்ளாச்சியில எதுக்கு ஃபேன்?"

"அப்பத்தா, அது வால்பாறை இல்ல. ஏப்ரல்ல வெந்துருவ." ஜெபக்கனி பக்கம் திரும்பினாள். "பாட்டி, நீங்களாவது பாத்துச் சொல்லுங்க."

"நான் பாக்காம இவளை இறக்கிவிட மாட்டேன்" என்றாள் ஜெபக்கனி. கவரை வாங்கிக் கிழித்துக் கடலில் போடப் போனாள். அபிதா தடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

ஜனவரி 27, திங்கள்

பொள்ளாச்சி. ஜெபக்கனி பம்பை அடித்துப் பார்த்தாள், கதவுத் தாழ்ப்பாளை நாலு தரம் போட்டுப் பார்த்தாள், மில்லுக்கார அம்மாவிடம் கால் மணி நேரம் விசாரணை நடத்தினாள். குருவக்கா குழவியைத் தூக்கி உள்ளே வைத்தார். அம்மி இல்லாமல் குழவியை மட்டும் ஏன் கொண்டுவந்தாய் என்று அப்போதுதான் கேட்டார். தூக்க முடிந்தது அதுதான் என்றேன்.

ஜீப் மேலே போனது. நான் வளைவு வரை நின்று பார்க்கவில்லை. சமைக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 30, வியாழன்

நார் காயப்போட்டேன். கை அரிக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டால் சரியாகிறது, அதற்கு இங்கே பஞ்சமில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் அபிதா போன் பண்ணினாள். குரல் வேகமாக இருந்தது.

"யூனிவர்சிட்டி டீம் கேம்ப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க அப்பத்தா. ஃபாரம் குடுத்திருக்காங்க. நிரந்தர விலாசம்னு ஒரு கோடு இருக்கு. அப்பா வீட்டைப் போடவா?"

"உங்கப்பன் வருஷத்துக்கு ஒரு வீடு மாத்துறவன். இங்க போடு."

"கதவு நம்பர் என்ன?"

"இரு."

வெளியே வந்து பார்த்தேன். என் கதவில் நம்பர் இல்லை. மில்லுக்கு முன்னால் 14 என்று இருக்கிறது. வீட்டம்மாவிடம் கேட்டேன். "அதுக்கெதுக்குங்க நம்பர்? மில்லுக்குப் பின்னாடி ரூம்னு சொன்னா எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

"யூனிவர்சிட்டிக்குத் தெரியாதே" என்றேன்.

அவர் யோசித்தார். "அப்ப 14-ஏன்னு வெச்சுக்கோங்க."

போனில் சொன்னேன். அபிதா எழுத்து எழுத்தாக எழுதுவது கேட்டது. என் பேர், 14-ஏ, தெரு, பொள்ளாச்சி. பின்கோடு அவளுக்கே தெரிந்திருந்தது.

"கேம்ப் முடிஞ்சதும் நேரா அங்கதான் வருவேன்" என்றாள். "சோறு ஆக்கி வை. கோவம் இன்னும் இருக்கு."

"கோவத்தோட வா. மீன் வாங்கி வைக்கிறேன்."

மில்லில் நார்க்கட்டு மேல் அடையாளம் போட மையும் பிரஷும் வைத்திருக்கிறார்கள். கேட்டு வாங்கிவந்து கதவில் எழுதினேன். 14 நேராக வந்துவிட்டது. ஏ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ரோட்டுக்குப் போய் நின்று படித்துப் பார்த்தேன். தெரிகிறது.